சிக்கனமான செயினும் கேசட்டும்: செட்டிநாட்டுச் சாலைகளுக்கு எத்தனை ஸ்பீடு போதும்?

ரோடு பைக் வாங்கும்போது வண்டியின் விலையை எல்லோரும் விசாரிக்கிறோம். ஓடத் தொடங்கிய பிறகு தேய்ந்துபோய் மாற்ற வேண்டிவரும் செயினும், பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான கேசட்டும் என்ன விலை என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கங்களில் விடியற்காலையில் ரோடு பைக் ஓட்டுகிறவர்களிடம் 8 ஸ்பீடு முதல் 12 ஸ்பீடு வரை எல்லா வகை வண்டிகளும் இருக்கின்றன (கேசட்டில் எத்தனை பல்சக்கரங்களோ அத்தனை ஸ்பீடு). பராமரிப்புச் செலவோ வண்டிக்கு வண்டி பெரிதும் வேறுபடுகிறது. எங்கள் வட்டாரத்தில் பயன்படுத்திப் பார்த்த குறைந்த விலை மாற்றுப் பாகங்களைப் பற்றிய மதிப்புரை இது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தச் சமவெளிக்கு 9 ஸ்பீடு மிகப் பொருத்தம், 8 ஸ்பீடு மிகச் சிக்கனம், அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு பல்சக்கரத்துக்கும் நாம் தரும் விலைக்கு ஈடான பயன் இங்கே கிடைப்பதில்லை.

கியர் கூடுவதால் செலவு ஏன் கூடுகிறது என்பது செயினின் தடிமனிலேயே தெரிந்துவிடும். 8 ஸ்பீடு செயினின் வெளிப்புற அகலம் 7 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 9 ஸ்பீடில் அது ஏறத்தாழ 6.6, 10 ஸ்பீடில் 5.9, 11 ஸ்பீடில் 5.5, 12 ஸ்பீடில் 5.3 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. பின்சக்கரத்தில் கேசட்டுக்குக் கிடைக்கும் இடம் பெரிதாகக் கூடாததால், ஒவ்வொரு பல்சக்கரம் சேரும்போதும் தகடுகள் மெலிகின்றன, இடைவெளிகள் சுருங்குகின்றன, தயாரிப்பில் அனுமதிக்கப்படும் பிழையின் அளவும் குறைகிறது. அதனால்தான் ஆயிரம் ரூபாய் அளவில் முடிந்துவிடும் 8 ஸ்பீடு செயினுக்கு எதிரே 12 ஸ்பீடு செயின் இரண்டு மூன்று மடங்கு விலையில் நிற்கிறது. கேசட்டில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. ஜப்பானின் ஷிமானோ நிறுவனத்தின் உயர்நிலைப் பந்தய வரிசையான டியூரா-ஏஸ் 2012இல் 11 ஸ்பீடுக்கும் 2021இல் 12 ஸ்பீடுக்கும் சென்றது. இத்தாலியின் கேம்பக்னோலோ நிறுவனம் அந்த இரண்டு படிகளையும் 2008இலும் 2018இலுமே கடந்துவிட்டது. பந்தய வீரர்களுக்காகச் செய்த இந்த மாற்றம் நடுத்தர விலை வண்டிகளுக்கும் இறங்கி வந்துவிட்டதில்தான் நம் போன்றோரின் சிக்கல் தொடங்குகிறது.

அந்தக் கூடுதல் கியர்கள் எதைத் தருகின்றன என்று பல் எண்ணிக்கையை வைத்துப் பார்ப்போம். 8 ஸ்பீடு 11–32 கேசட்டில் 11, 13, 15, 18, 21, 24, 28, 32 என்று பற்கள் அமைந்திருக்கும். 9 ஸ்பீடில் அதே இரு எல்லைகளுக்குள் 11, 12, 14, 16, 18, 21, 24, 28, 32. 11 ஸ்பீடிலும் தொடக்கம் 11, முடிவு 32தான். ஆக, மலையேற்றத்துக்கான மிக இலகுவான கியர் மூன்றிலும் ஒன்றே. வேறுபாடு நடுவில் இருக்கிறது. மிதியோடு சுழலும் முன்பல்சக்கரமான செயின்ரிங் 50 பல்லாக இருந்து, நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் 18 பல்லில் மணிக்கு 31 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டுவோம். 8 ஸ்பீடில் அடுத்த கியரான 15 பல்லில் அதே மிதிக்கு 38ஐ நெருங்க வேண்டும். ஆடி மாதத்தில் பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூர் நோக்கி மேற்கே போகிறவர்களுக்கு இந்த இடைவெளி எவ்வளவு பெரிது என்பது தொடையில் தெரியும். எதிர்காற்றில் ஒரு கியர் கனமாகவும் மற்றது வெறுமனே சுழல்வதாகவும் இருக்கும். 9 ஸ்பீடில் 18க்கும் 14க்கும் இடையே 16 இருப்பதால் இந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்துவிடுகிறது. 11 ஸ்பீடு தரும் 13 பல்லும் 20 பல்லும் இனிமையானவைதான், ஆனால் அவை இல்லாமல் பிரெவே எனப்படும் 200 கிலோமீட்டர் நெடுந்தூர ஓட்டத்தைப் பதின்மூன்றரை மணி நேரக் கெடுவுக்குள் முடிக்க முடியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பொருட்களுக்கு வருகிறேன். 8 ஸ்பீடில் கேஎம்சி எக்ஸ்8 செயினையும் ஷிமானோ எச்ஜி50 கேசட்டையும் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். கேசட் முழுவதும் எஃகு. கையில் எடுத்தால் கனம் தெரியும், ஆனால் நீண்ட நாள் உழைக்கும். இந்த வகைக்கு இன்னொரு பெரிய வசதி உண்டு. 6, 7, 8 ஸ்பீடு மூன்றுக்கும் ஒரே அகலச் செயின் போதும் என்பதால், கியர் சைக்கிள் விற்கும் நம் ஊர்க் கடைகளிலேயே அவசரத்துக்கு ஒரு செயின் கிடைத்துவிடும். 9 ஸ்பீடுக்கு மேலே போனால் கோயம்புத்தூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரவழைக்க வேண்டியதுதான்.

9 ஸ்பீடில் கேஎம்சி எக்ஸ்9 செயினும் ஷிமானோ எச்ஜி400 கேசட்டும் இந்த மதிப்புரையில் எனக்கு மிகவும் பிடித்த இணை. கியர் விழும் ஓசை தெளிவாக இருக்கிறது, ஷிமானோவின் 9 ஸ்பீடு வரிசையான சோராவின் டிரெயிலியரோடு (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் பாகம்) இழைந்து வேலை செய்கிறது, இணைப்புக் கண்ணியைக் கழற்றி மீண்டும் பூட்டலாம். 11, 12 ஸ்பீடு இணைப்புக் கண்ணிகளில் பெரும்பாலானவை ஒருமுறைக்கு மட்டுமே என்பதால், செயினைக் கழற்றித் துலக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதுவும் ஒரு கணக்கு. தைவானின் சன்ரேஸ் கேசட்டுகள் விலை குறைவு, உழைப்பிலும் குறையில்லை. பெரிய பல்லுக்கு ஏறும்போது மட்டும் ஷிமானோவின் மென்மை இல்லை. கைப்பிடியிலிருந்து கியர் மாற்றும் ஷிஃப்டர் பழுதானால் மைக்ரோஷிஃப்ட்டின் ஆர்9 நல்ல மாற்று. ஒரு கியர் மாற்றத்துக்குக் கேபிள் எவ்வளவு இழுபடுகிறது என்ற இழுப்பு அளவு ஷிமானோவோடு ஒத்துப்போவதால் டிரெயிலியரை மாற்ற வேண்டியதில்லை. சீனத்துச் சென்சாவின் விலை கவர்ச்சியானது, ஆனால் அதன் இழுப்பு அளவு வேறு. ஷிஃப்டரையும் டிரெயிலியரையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்பதால் ஒற்றைப் பாகமாக மாற்ற நினைப்பவர்களுக்கு அது உதவாது.

10 ஸ்பீடுக்காரர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஷிமானோவின் டியாக்ரா 4700 வரிசை 10 ஸ்பீடாக இருந்தாலும் அதன் இழுப்பு அளவு 11 ஸ்பீடு வகையைச் சேர்ந்தது. பழைய 10 ஸ்பீடு ஷிஃப்டரை அதன் பின் டிரெயிலியரோடு பூட்டினால் கியர் ஒருபோதும் நேராக விழாது. செயின், கேசட் ஆகியவற்றில் அந்தச் சிக்கல் இல்லை. சக்கரம் மாற்றுகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: 11 ஸ்பீடு ரோடு ஹப்பில் (பின்சக்கரத்தின் நடுக்குடம்) 8 அல்லது 9 ஸ்பீடு கேசட்டைப் பூட்ட 1.85 மில்லிமீட்டர் வளையம் ஒன்று தேவை. சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் அந்த வளையம் இல்லாவிட்டால், எவ்வளவு இறுக்கினாலும் கேசட் ஆடிக்கொண்டேயிருக்கும்.

எந்தப் பாகத்தை வாங்கினாலும் அதன் ஆயுளைத் தீர்மானிப்பது நம் மண்தான். கானாடுகாத்தானிலிருந்து ஊர்ச்சாலைகள் வழியே திரும்பினால் செயினில் படிந்திருக்கும் செம்மண் தூள், எண்ணெயோடு சேர்ந்து, கண்ணிகளைக் கோக்கும் பின்களை அரைக்கும் சாந்தாகிவிடுகிறது. தொண்டிக் கடற்கரை வரை போய்வருகிறவர்களுக்கு உப்புக்காற்றும் உண்டு. எண்ணெயை விட்டுவிட்டுப் பாரஃபின் மெழுகுக்கு மாறியது எங்கள் பக்கத்தில் மிகுந்த பயன் தந்திருக்கிறது. புதுச் செயினின் பசையை மண்ணெண்ணெயில் முற்றிலும் நீக்கி, நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிய மெழுகில் அமிழ்த்தி எடுத்தால், தூசி ஒட்டுவது வெகுவாகக் குறைகிறது. இரண்டு செயின்களை வாங்கி மாற்றி மாற்றிப் போடுவது அதற்கடுத்த சிக்கனம். ஒன்று ஓடும்போது மற்றது மெழுகேறித் தயாராக இருக்கும், கேசட்டும் சீராகத் தேயும்.

தேய்மானத்தை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம், ஓரடி எஃகு அளவுகோல் போதும். புதுச் செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து, அதை விட்டு அடுத்ததிலிருந்து எண்ணிவரும் 24ஆவது பின்னின் நடு வரை சரியாக 12 அங்குலம் இருக்கும். ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டிருந்தால் தேய்மானம் 0.5 சதவீதம், 11, 12 ஸ்பீடு செயின்களை அப்போதே மாற்றிவிட வேண்டும். 8, 9, 10 ஸ்பீடு செயின்கள் 0.75 சதவீதம், அதாவது சுமார் 2.3 மில்லிமீட்டர் வரை தாங்கும். இந்தக் கட்டத்தைத் தாண்டி ஓட்டினால் தேய்ந்த செயின் கேசட்டையும் கெடுத்துவிடும். பிறகு புதுச் செயின் போட்டாலும் பழைய பற்களில் வழுக்கும். இணையத்தில் நம்ப முடியாத விலைக்கு விற்கப்படும் செயின்களில் போலிகளும் கலந்திருப்பதால், அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமே வாங்குவது நல்லது.

2023இல் ஷிமானோ அறிமுகப்படுத்திய கியூஸ் வரிசையை நான் ஆவலோடு கவனித்துவருகிறேன். 9, 10, 11 ஸ்பீடு மூன்றுக்கும் ஒரே வகைச் செயின், ஒரே இழுப்பு அளவு, தடித்த பற்கள் கொண்ட லிங்க்கிளைடு கேசட் என்பது அதன் அமைப்பு. வழக்கமான கேசட்டைவிட மூன்று மடங்கு உழைக்கும் என்று நிறுவனம் கூறுகிறது. பழைய சோரா, டியாக்ரா பாகங்களோடு அது சேராது என்பதால், இப்போது 9 ஸ்பீடு ஓட்டுகிறவர்கள் அதற்காக வண்டியைப் பிரிக்க வேண்டியதில்லை. புதிதாக வாங்குகிறவர்கள், குறிப்பாகச் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் போக நினைப்பவர்கள், வண்டியின் விலையோடு அதன் செயின், கேசட் விலையையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குள் நுழையலாம்.