தராக்கியின் பத்திகளைக் கட்டித்தந்த கடை

தராக்கி என அறியப்பட்ட பத்தி எழுத்தாளர் தர்மரத்தினம் சிவராமின் கட்டுரைகளை என் அப்பா பதினாறு ஆண்டுகளாகப் பத்திரிகைகளிலிருந்து வெட்டி, புல்ஸ்காப் தாள்களில் ஒட்டிச் சேர்த்து வைத்திருந்தார். அத்தாள்களை மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு சிறிய பைண்டிங் கடையில் சென்ற மாதம் இரண்டு தொகுதிகளாகக் கட்டுவித்தேன்.

கடைக்காரர் தாள்களின் ஓரத்தில் ஊசியால் துளையிட்டு, மெழுகு பூசிய நூலைக் கோத்துக் கையாலேயே தைக்கிறார். பூச்சி அரிக்காதிருக்கக் கோதுமை மாப் பசையில் துருசு கலக்கிறார். பழுப்பேறி, தொட்டால் உதிரும் நிலையிலிருந்த நறுக்குகளை அவர் இரு விரல்களால் தூக்கி மெல்லிய தாளின் மேல் வைத்து நீவிய பொறுமையை அருகிலிருந்து பார்த்தேன். தொகுதி ஒன்றுக்கு 1,500 ரூபாய். ஒன்பது நாட்கள் எடுத்தன. அந்த உழைப்புக்கு இது குறைந்த கூலி.

ஆனால் ஓரங்களைச் சமப்படுத்தியபோது, அப்பா தாளின் மேல் விளிம்பில் குமிழ்முனைப் பேனையால் எழுதியிருந்த திகதிகள் ஒன்பது தாள்களில் வெட்டுப்பட்டுப் போயின. பத்தி எழுத்துக்குத் திகதிதான் உயிர். 1959இல் மட்டக்களப்பில் பிறந்து, புனித மிக்கேல் கல்லூரியில் பயின்று, பேராதனைப் பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டுத் தமிழ் ஆயுத இயக்கம் ஒன்றுக்குச் சென்று திரும்பிய சிவராம், 1989இல் ‘தி ஐலண்ட்’ பத்திரிகையில் தராக்கி என்ற பெயரில் எழுதத் தொடங்கினார். போர்க்களத்தின் நிலவியலையும் படைநகர்வுகளின் காரணத்தையும் அவரளவுக்கு விளக்கியவர்கள் அன்று மிகச் சிலரே. பின்னர் ‘டெய்லி மிரர்’, ‘வீரகேசரி’ ஆகியவற்றில் எழுதிய அவர், தமிழ்நெற் இணையத்தளத்தின் ஆசிரியராகவும் இருந்தார். 2004 மார்ச்சில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில், கிழக்கில் நேர்ந்த பிளவுக்கு முந்திய கட்டுரை எது, பிந்தியது எது என்று தெரியாமல் இரண்டாம் தொகுதியைப் படிப்பதில் பொருளில்லை.

குறையைச் சொன்னதும் கடைக்காரர் மறுத்துப் பேசவில்லை. வெட்டிய கழிவுகளைக் கட்டி வைத்திருந்த சாக்கைத் தரையில் கொட்டினார். இருவரும் குந்தியிருந்து தேடி, அப்பாவின் நீல எழுத்துள்ள எட்டுக் கீற்றுகளைக் கண்டெடுத்தோம். அவற்றை அந்தந்தத் தாளிலேயே ஒட்டித்தந்த அவர், அதற்குக் காசு வாங்கவில்லை. ஒன்பதாவது கிடைக்கவில்லை; எனினும் அக்கட்டுரை, 2004 மே 31இல் இந்நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசனின் இழப்பைப் பற்றிப் பேசுவதால், அதன் இடத்தை என்னால் நிறுவ முடிந்தது. அதற்கு ஓராண்டு நிறையுமுன்னரே, 2005 ஏப்ரல் 28 இரவு, சிவராம் கொழும்பின் பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 45.

பழைய நறுக்குகளைக் கட்டக் கொடுப்பவர்கள் திகதியை விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி மீண்டும் எழுதிக் கொடுப்பது நல்லது. தமிழ்நெற் கட்டுரைகளின் அச்சுப்படிகளையும் அப்படி எழுதி, அதே கடைக்காரரிடமே அடுத்த வாரம் ஒப்படைக்கவிருக்கிறேன்.