லிசெஸ் இறுதிக்கட்டப் புதிர்கள்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

சதுரங்கத்தின் இறுதிக்கட்டத்தைத் தனியாகப் பயில விரும்புவோருக்கு லிசெஸ் (Lichess) என்ற இணையச் சதுரங்கத் தளத்தின் புதிர்ப் பகுதியை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். கட்டணமும் விளம்பரமும் இல்லை. சிப்பாய், யானை, ராணி, குதிரை, பிஷப் என இறுதிக்கட்ட வகையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அத்தளத்தில் உண்மையாக ஆடப்பட்ட ஆட்டங்களிலிருந்தே புதிர்கள் எடுக்கப்படுவதால், நம் ஆட்டத்தில் வரக்கூடிய நிலைகளாகவே அவை இருக்கின்றன.

ஆனால் சரியான நகர்த்தலைக் கண்டுபிடித்ததும் அடுத்த புதிருக்குத் தாவுவதால் பெரிய பலன் இல்லை என்பது என் கருத்து. மற்ற நகர்த்தல்கள் ஏன் தோற்கின்றன என்று கேட்கும்போதுதான் கற்றல் தொடங்குகிறது. அதற்குத் துணை, பகுப்பாய்வுப் பலகையில் உள்ள சிசிஜி (Syzygy) அட்டவணை, அதாவது குறைந்த காய்கள் உள்ள நிலைகளின் முடிவுகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கும் தரவுத்தொகுப்பு. ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள் வரை உள்ள நிலைகளில், ஒவ்வொரு நகர்த்தலும் வெற்றியா, சமநிலையா, தோல்வியா என்பதை அது ஐயமின்றிச் சொல்லிவிடுகிறது.

1895-இல் கிளாஸ்கோவில் புகழ்பெற்ற, பாதிரியார் சாவேத்ராவின் பெயர் தாங்கிய சாவேத்ரா நிலையை அதில் வைத்துப் பாருங்கள்: வெள்ளை ராஜா பி6, சிப்பாய் சி6, கறுப்பு ராஜா ஏ1, யானை டி5. சிப்பாய் சி7-க்குப் போனதும் கறுப்பு யானை டி6-இல் செக் வைக்கிறது. வெள்ளை ராஜா சி5-க்குப் போனால் யானை டி1-க்கு இறங்கி, சிப்பாய் ராணியானவுடன் சி1-இல் செக் வைத்து அந்த ராணியைப் பிடித்துவிடும். ஆகவே ராஜா பி5, பி4, பி3 என்று செக்குகளிலிருந்து விலகி இறங்கிவந்து, யானை டி3-இல் செக் வைக்கும்போதுதான் சி2-க்குத் திரும்புகிறது. இப்போது டி1 அதன் காவலில் இருக்கிறது. கறுப்பு யானை டி4-க்கு வருகிறது. இங்கே ராணியாக்கினால் யானை சி4-இல் செக் வைக்கும், அதை வெட்டினால் ஸ்டேல்மேட், அதாவது கறுப்புக்கு நகர்த்த வழியின்றி ஆட்டம் சமநிலை. யானையாக்கினால்தான் வெற்றி: ஏ8-இல் மேட் மிரட்டல் வருவதால் கறுப்பு யானை ஏ4-க்குப் போயாக வேண்டும், உடனே வெள்ளை ராஜா பி3-க்கு வந்து அந்த யானையைத் தாக்குவதோடு சி1-இல் மேட்டையும் மிரட்டுகிறது. இதன் அழகு விடையைப் பார்த்தால் புரிவதில்லை. தவறான நகர்த்தல்களையும் ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்தால்தான் புரிகிறது.

புதிர்களுக்கு ஓர் எல்லையும் உண்டு. நகர்த்தலுக்கு ஒரே சரியான விடை தேவைப்படுவதால், பல வழிகளில் வெல்லக்கூடிய நிலைகள் புதிர்களாக வருவதில்லை. யானை இறுதிக்கட்டத்தின் அடிப்படையான லூசெனா நிலையை எடுத்துக்கொள்ளுங்கள்: வெள்ளை ராஜா டி8, சிப்பாய் டி7, யானை எஃப்1, கறுப்பு ராஜா ஜி7, யானை சி2. யானையை எஃப்4-க்கு ஏற்றிப் பாலம் கட்டுவதே, அதாவது பின்னால் வரும் செக்குகளை அந்த யானையால் மறைக்க வழிசெய்வதே, பாடம். எனினும் எஃப்3-இல் ஒரு நகர்த்தல் நின்றுவிட்டு ஏற்றினாலும் வெற்றி கைவிட்டுப் போகாது. புதிர்களை மட்டும் நம்பிய ஒருவர், நேரில் ஆடும்போது மிகவும் தேவைப்படும் இந்த நிலையைப் பழகாமலே இருந்துவிட நேரும். இப்படிப்பட்ட நிலைகளைப் பலகையில் அடுக்கி, அங்கிருந்து கணினியோடு ஆடிப் பழகுவதே சரி. கணினி விட்டுக்கொடுக்காமல் செக் வைத்துக்கொண்டே இருக்கும்போது, ராஜாவை டி5 வரை நிதானமாக இறக்கி, டி4-இல் யானையை நிறுத்தி செக்கை மறைக்கும் பழக்கம் கைக்கு வந்துவிடுகிறது.