லை டேங்கில் பிரஷர் சென்சார்: ஆறு வருடத்துக்கு அப்புறம்

திருப்பூரில் நான் பராமரிப்பு பார்க்கும் சாயப்பட்டறையில், காஸ்டிக் லை (காஸ்டிக் சோடாக் கரைசல்) டேங்குக்கு, திரவத்தின் அழுத்தத்தை வைத்து மட்டம் காட்டும் சென்சாரான பிரஷர் டிரான்ஸ்மிட்டர் மாட்டி ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முன் மட்டம் பார்க்க டேங்கின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டியூப்தான் இருந்தது. ஒரே வருடத்தில் அது மஞ்சளடித்துப் போகும். லை எங்கே நிற்கிறது என்று டார்ச் அடித்துத் தேட வேண்டும். ஒருநாள் டியூப்பின் பிடி விட்டு ஒரு பையனின் கையில் லை தெறித்தது. உடனே தண்ணீரில் கழுவியதால் தப்பித்தான். மறுவாரமே முதலாளி சென்சாருக்கு ஒத்துக்கொண்டார்.

டேங்கின் அடியிலிருந்து 20 செ.மீ. விட்டு பிளாஞ்சில் (போல்ட் போட்டு இறுக்கும் விளிம்பு வளையம்) மாட்டினோம். அடியில் படியும் கசடு சென்சாரின் டயாஃப்ரத்தை (அழுத்தம் வாங்கும் மெல்லிய தகடு) மூடாமல் இருக்கத்தான் அந்த இடைவெளி. தண்ணீரை நிரப்பி, சென்சாருக்கு மேல் 3 மீட்டர் நின்றால் அது அனுப்பும் மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியர் (திரையில் 100 சதவீதம்), ஒன்றுமில்லை என்றால் 4 (பூஜ்யம்) என்று செட் செய்தோம். எல்லாம் சரி என்று லை லாரியை வரச் சொன்னோம். இரண்டு மீட்டர் ஏறியதுமே திரை 100 சதவீதம் காட்டியது. "அண்ணா, டேங்க் ரொம்பிருச்சுங்க, வால்வை மூடிறட்டுங்களா?" என்று கேட்ட பையன்மேல் தப்பில்லை. 48 சதவீத லை தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம். இரண்டு மீட்டர் லையும் மூன்று மீட்டர் தண்ணீரும் சென்சாருக்கு ஒன்றுதான். அது உயரத்தைப் பார்ப்பதே இல்லை. தன் தலைமேல் எவ்வளவு பாரம் நிற்கிறது என்று மட்டும்தான் அதற்குத் தெரியும்.

இது புரிந்த பிறகு அதையே சாதகமாக்கிக்கொண்டோம். லையை நாங்கள் எடைக்குத்தான் வாங்குகிறோம். எங்கள் டேங்க் செங்குத்தானது, விட்டம் 2.5 மீட்டர். கணக்குப் போட்டால் ஒரு மில்லி பார் அழுத்தத்துக்கு ஏறக்குறைய 50 கிலோ வருகிறது. 10 டன் லோடு இறங்கினால் 200 மில்லி பார் ஏற வேண்டும். லை கொஞ்சம் நீர்த்திருந்தாலும் வெயிலில் சூடேறியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இப்போது ஒவ்வொரு லோடுக்கும் எடைமேடைச் சீட்டோடு ஒப்பிடுகிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை: லாரி இறக்கிக்கொண்டிருக்கும்போது பார்க்காதீர்கள். எங்கள் டேங்கின் காற்றுப்போக்கி சிறியது. லை ஏறும் வேகத்துக்குக் காற்று வெளியேற முடியாமல் உள்ளே அழுத்தம் கூடி, இல்லாத சரக்கையும் சேர்த்துக் காட்டும். கால் மணி நேரம் பொறுத்துக் குறிக்கிறேன்.

பெராக்சைடு டேங்கில் பட்ட அடி வேறு மாதிரி. அது படுக்கை டேங்க், விட்டம் 1.6 மீட்டர், நீளம் 4 மீட்டர், கொள்ளளவு சுமார் 8,040 லிட்டர். மாட்டிக் கொடுத்தவர் நேர்விகிதத்தில் செட் செய்துவிட்டுப் போய்விட்டார். 40 செ.மீ. நிற்கும்போது திரை கால் டேங்க், அதாவது 2,010 லிட்டர் என்றது. உருளையின் அடி வளைந்து குறுகுவதால் உண்மையில் இருந்தது 1,570 லிட்டர்தான். பாதி டேங்கில் மட்டும் கணக்கு சரியாக வரும். அதனாலேயே ரொம்ப நாள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரவு ஷிப்டில் பிளீச்சிங் பாதியில் நின்ற பிறகுதான் உயரத்துக்கு லிட்டர் அட்டவணை போட்டு ஏற்றினோம்.

அப்புறம் கழிவுநீர்த் தொட்டி. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொட்டி வழிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேலே எப்போதும் நுரை நிற்பதால், மேலிருந்து ஒலி அனுப்பி மட்டம் பார்க்கும் அல்ட்ராசோனிக் சென்சார் எங்களுக்கு ஒத்துவரவில்லை. கேபிளில் தொங்கவிடும் பிரஷர் சென்சாருக்கு நுரை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்தக் கேபிளுக்குள், காற்றழுத்தத்தைக் கழித்துக்கொள்வதற்காக வெளிக்காற்றைச் சென்சாருக்குக் கொண்டுபோகும் மெல்லிய குழாய் ஒன்று இருக்கிறது. ஒரு ஐப்பசி மழையில் அது ஈரம் புகுந்து அடைத்துக்கொண்டது. யாரும் தொடாத தொட்டியில் காலை பத்து மணிக்கு மட்டம் ஏறும், மாலை நாலு மணிக்கு இறங்கும்! கசிவு என்று இரண்டு நாள் அலைந்தோம். நம் பக்கம் காற்றழுத்தமே தினமும் மூன்று நான்கு மில்லி பார் அப்படி ஏறி இறங்கும்; ஒரு மில்லி பார் என்பது ஒரு செ.மீ. தண்ணீர். இப்போது ஜங்ஷன் பாக்ஸில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்து, நீலம் வெளுத்து இளஞ்சிவப்பானதும் மாற்றுகிறோம்.

லை டேங்கின் 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டயாஃப்ரம் இன்றும் நன்றாகவே இருக்கிறது. பிளாஞ்சில் வெள்ளையாகப் பூத்தால் கேஸ்கெட் கசிகிறது என்று அர்த்தம். அதே மாடலை ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு எடுத்துவிடாதீர்கள், அரித்துவிடும்.

இன்னும் பிடிபடாதது உப்புத் தண்ணீர் டேங்க். திரும்ப எடுக்கும் உப்புநீரின் அடர்த்தி தினமும் மாறுவதால் மட்டம் நம்பும்படி இல்லை. ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டாவது சென்சார் மாட்டச் சொல்லியிருக்கிறேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 98 மில்லி பார் என்றால் வெறும் தண்ணீர், 110 என்றால் அடர்த்தி தண்ணீரைப்போல் 1.12 மடங்கு. முதலாளி இன்னும் கையெழுத்துப் போடவில்லை.