விண்டோஸ் 3.1-இல் டாஸ் நிரல்களுக்கு நினைவகம் ஒதுக்குதல்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

4 மெகாபைட் நினைவகம் கொண்ட 386 செயலிக் கணினியில் விண்டோஸ் 3.1-ஐயும், அதற்குள் லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் நிரலின் இரண்டாம் வெளியீடு போன்ற, டாஸ் இயங்குதளத்துக்காக எழுதப்பட்ட பழைய நிரல்களையும் பல ஆண்டுகள் ஓட்டியிருக்கிறேன். ஒரு டாஸ் நிரல் விண்டோஸுக்குள் எப்படி ஓட வேண்டும் என்ற அமைப்புகளை பிஐஎஃப் கோப்பில் எழுதிவைக்கும் கருவியே பிஐஎஃப் எடிட்டர். அது நினைவகத்தைக் கூட்டித் தருவதில்லை. இருப்பதில் எந்த நிரல் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று வரம்பு கட்டுவது மட்டுமே நினைவக விஷயத்தில் அதன் வேலை.

‘கேபி ரெக்வயர்டு’ (தேவையான கிலோபைட்) என்ற கட்டத்தில் வழக்கமாக 128 இருக்கும். அந்த எண்ணை உயர்த்தினால் நிரலுக்குக் கூடுதல் இடம் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில், அவ்வளவு நினைவகம் காலியாக இல்லையென்றால் நிரலைத் தொடங்காதே என்ற நிபந்தனையே அது. உச்ச அளவைத் தீர்மானிப்பது அடுத்துள்ள ‘கேபி டிசையர்டு’ (விரும்பும் கிலோபைட்) கட்டம். அதில் 640 இருப்பதை மாற்ற வேண்டிய தேவை எனக்குப் பெரும்பாலும் வந்ததில்லை.

கவனம் வேண்டியது இஎம்எஸ், எக்ஸ்எம்எஸ் வரம்புகளில்தான். வழக்கமான 640 கிலோபைட்டுக்கு அப்பால் உள்ள நினைவகத்தை டாஸ் நிரல்கள் பயன்படுத்தும் இரு வெவ்வேறு முறைகள் இவை. இரண்டுக்கும் 1024 என்ற வரம்பு முன்கூட்டியே இடப்பட்டிருக்கும். லோட்டஸ் 1-2-3-இன் இரண்டாம் வெளியீடு பெரிய விரிதாள்களுக்கு இஎம்எஸ்ஸை நாடும் என்பதால் அதை விட்டுவைத்து, எக்ஸ்எம்எஸ்ஸைப் பூஜ்யமாக்கினேன். வரம்பில்லை என்று பொருள்படும் -1-ஐ இடுவது 4 மெகாபைட் கணினியில் விவேகமன்று. பேராசை பிடித்த ஒரு நிரல் மொத்தத்தையும் வாரிக்கொண்டால், மற்றவை நினைவகம் போதாதபோது பயன்படும், வன்தட்டில் உள்ள மாற்றுக் கோப்பை நம்பி ஊர்ந்துகொண்டிருக்கும். தனக்கென பிஐஎஃப் கோப்பு இல்லாத ஒவ்வொரு டாஸ் நிரலும் _டீஃபால்ட்.பிஐஎஃப் கோப்பின் அமைப்புகளையே பின்பற்றும் என்பதால், அதில் கைவைப்பதற்கு முன் இருமுறை யோசிப்பது நல்லது.

இந்த எடிட்டரில் எதை மாற்றினாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. விண்டோஸ் தொடங்கும் முன் டாஸில் ஏற்றப்பட்ட டிரைவர்கள் (சாதனங்களை இயக்கும் சிறு நிரல்கள்) ஒவ்வொரு டாஸ் சாளரத்திலும் அப்படியே இடம்பிடித்துக்கொள்கின்றன. வெளியே 500 கிலோபைட்தான் காலியாக இருந்தது என்றால், உள்ளே அதைவிடச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். ஆகவே கணினி தொடங்கும்போது டாஸ் படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில், ஹைமெம்.சிஸ், இஎம்எம்386 ஆகிய நினைவக மேலாண்மை டிரைவர்களுக்குப் பின் ‘டாஸ்=ஹை,யுஎம்பி’ என்ற வரியைச் சேர்த்து, மற்ற டிரைவர்களை மேல் நினைவகத்துக்கு (640 கிலோபைட்டுக்கும் 1 மெகாபைட்டுக்கும் இடைப்பட்ட பகுதி) ஏற்றியதே எனக்கு மிகுதியான பலனைத் தந்தது. இஎம்எம்386-க்கு ‘நோஇஎம்எஸ்’ என்று கொடுத்தால் மேல் நினைவகத்தில் 64 கிலோபைட் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது டாஸ் சாளரங்களுக்கு இஎம்எஸ் கிடைக்காது, பிஐஎஃப்பில் என்ன எண் இட்டாலும் பயனில்லை. லோட்டஸுக்காக, இஎம்எஸ், மேல் நினைவகம் இரண்டையும் தரும் ‘ரேம்’ என்ற தெரிவையே வைத்துக்கொண்டேன். விண்டோஸ் நிரல்களுக்கு மட்டும் தேவைப்படும் துணைநிரல்களை டாஸ் தொடங்கும்போது ஓடும் ஆட்டோஎக்ஸெக்.பேட்டிலிருந்து எடுத்து, விண்டோஸ் தொடங்கும்போது ஓடும் வின்ஸ்டார்ட்.பேட்டுக்கு மாற்றியதும் டாஸ் சாளரங்களின் சுமையைக் குறைத்தது.

விண்டோஸ் 95-இல் இதே அமைப்புகள் நிரலின் ‘ப்ராபர்ட்டீஸ்’ பெட்டிக்குள் ‘மெமரி’ என்ற பக்கத்துக்குச் சென்றன. அங்குள்ள ‘ஆட்டோ’ பெரும்பாலான நிரல்களுக்குப் போதும். ஆனால் அளவுக்கு மீறிய நினைவகத்தைக் கண்டு தடுமாறும் பழைய நிரல்களுக்கு எக்ஸ்எம்எஸ்ஸை 8192 என்று கட்டிவைப்பதே என் வழக்கம்.