வார்டா, வாடகை வீடா?

சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-இல் தொடங்குகிறது. நோய் முற்றிய நேரத்தில் அப்படியோர் இடம் கட்டாயம் வேண்டும். சிக்கல் அப்புறம்தான்: தேறியவரை அழைத்துப்போக ஆள் வராவிட்டால் வார்டே வீடாகிவிடும்.

1993-இல் சென்னையில் உருவான பான்யன் என்ற மனநலத் தொண்டு அமைப்பின் 'ஹோம் அகெய்ன்' திட்டம் வேறு மாதிரி. அப்படித் தேறிய நாலைந்து பேர் சாதாரணத் தெருவில் ஒரு வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள். துணைக்குப் பணியாளர் உண்டு. என்ன சமைப்பது, எப்போது கடைக்குப் போவது என்பதெல்லாம் அவர்கள் முடிவு. சண்டையும் வரும்தான், எந்த வீட்டில் வராது? அவசரத்துக்கு மருத்துவர் பக்கத்திலேயே இருக்க மாட்டார் என்பது மெய்யான குறை.

இருந்தாலும் நெடுநாள் வாழ்வுக்கு நான் வீட்டையே சொல்வேன். குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது.