போடியில ஜீப்புக்கு லெஃப்ட் திரெட் வீல் ஸ்டட் வாங்குன அனுபவம்

வெளிநாட்டுல இருந்துட்டு லீவுக்கு ஊருக்கு வந்து அப்பாவோட பழைய மஹிந்திரா சிஜே3பி ஜீப்பை ஓட வைக்கணும்னு நினைக்கிறவங்க நிறைய பேர் இருப்பீங்க, உங்களுக்குத்தான் இதை எழுதுறேன். நான் இருக்கிறது மெல்பர்ன், சொந்த ஊரு தேனி பக்கம். எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாத்துக்கும் இங்க ஆள் இருக்காங்க. இந்த தடவை என்னை அலைய விட்டது வீல் ஸ்டட், அதாவது சக்கரத்தை மாட்டி நட்டு போடுற மரைக்கம்பி.

இந்த வண்டியோட பூர்வீகம் அமெரிக்காவோட வில்லிஸ் கம்பெனி. மும்பையில 1940-கள்லயே மஹிந்திரா வில்லிஸ் ஜீப்பை அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சாச்சு, சிஜே3பி மாடல் அமெரிக்காவுல 1968-ல நின்னதுக்கப்புறமும் இங்க ரொம்ப வருஷம் ஓடுச்சு. அதனால போல்ட் நட்டு எல்லாமே இன்ச் கணக்கு. வீல் ஸ்டட் அரை இன்ச், இன்ச்சுக்கு 20 மரை. வலது பக்க சக்கரத்துல சாதாரண மரை, இடது பக்கம் மட்டும் எதிர் மரை, லெஃப்ட் திரெட்னு சொல்றது இதைத்தான், அதாவது கடிகாரம் சுத்துற பக்கம் திருப்புனாத்தான் நட்டு கழலும். சக்கரம் முன்னாடி சுத்துறப்ப நட்டு தானா லூஸ் ஆகிடக்கூடாதுன்னு அந்தக் காலத்துல அப்படி வச்சாங்க. நட்டுல எல்-னு குத்தியிருக்கும் இல்லன்னா முனையில ஒரு வெட்டு இருக்கும், பெயின்ட்டும் கிரீஸும் அப்பிக்கிடந்தா அது எங்க தெரியும்?

ரோட்டோர பஞ்சர் கடையில நடந்தது அதுதான். முன் பக்க இடது சக்கரம், பையன் ஸ்பேனர்ல நீட்டு பைப்பை மாட்டி எல்லா வண்டிக்கும் திருப்புற மாதிரியே திருப்பியிருக்கான், நாங்க டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள அஞ்சுல மூணு ஸ்டட் ஒடிஞ்சு போச்சு. அவனை நான் திட்டல, அவன் வயசுக்கு எதிர் மரை வண்டியை பாத்தே இருக்க மாட்டான். ஆனா முதலாளி பக்கத்துலயே நிக்கிறாரு, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல.

டவுன்ல ஒரு ஸ்பேர் கடைக்குப் போனேன். 12 எம்எம் சாதாரண மரை ஸ்டட்டை எடுத்து நீட்டி "இது எல்லா ஜீப்புக்கும் சேரும் சார், வலது பக்கத்து பழைய நட்டே இதுல ஏறும்"னு சொன்னாங்க. ஏறுது, அதுதான் பயமே. அரை இன்ச்னா 12.7 எம்எம், மரையோட இடைவெளி 1.27 எம்எம். 12 எம்எம் ஸ்டட்ல 1.25 இடைவெளி மரை இருந்தா பழைய நட்டு அதுல லேசா ஆடிக்கிட்டே ஏறி பிடிச்ச மாதிரியும் காட்டிடும், ஆனா மரை முழுசா கவ்வாது, லோடு ஏத்தி மலைப்பாதையில பிரேக் அடிக்கிறப்ப உருவிக்கிட்டு வந்துடும். தயவுசெஞ்சு இதை மட்டும் யாரும் வாங்கிடாதீங்க.

அடுத்து ஒரு லேத் பட்டறையில "குடுங்க, சாயந்தரத்துக்குள்ள கடைஞ்சு தர்றேன்"னாங்க. என்ன இரும்புன்னு கேட்டா சாதா எம்எஸ் ராடு, அதாவது மைல்ட் ஸ்டீல். வீல் ஸ்டட்டுக்கு ஹை டென்சைல் ஸ்டீல் வேணும், ஹீட் ட்ரீட்மென்ட் வேணும், கம்பெனி ஸ்டட்ல மரையை வெட்டுறதில்ல, உருட்டி எடுக்கிறாங்க, அதனாலதான் அந்த பலம். கோயம்புத்தூர் பக்கம் இஎன்19-ங்கற அலாய் ஸ்டீல் ராடுல கடைஞ்சு ஹீட் ட்ரீட்மென்ட்டும் பண்ணித் தர பட்டறை இருக்கு, வேற வழியே இல்லன்னா அது பரவாயில்ல. எம்எஸ் மட்டும் வேண்டவே வேண்டாம், பிள்ளைங்க ஏறுற வண்டி.

கடைசியில வழி காட்டுனது போடிதான். போடியிலயும் கம்பத்துலயும் இன்னைக்கும் விடியக்காலையில ஜீப்புங்க ஆளுங்களை ஏத்திக்கிட்டு மலை மேல ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகுது, அந்த வண்டிங்க ஓடுற வரைக்கும் அந்த ஊர்ல ஜீப் மெக்கானிக்குக்குப் பஞ்சமே இல்ல. அங்க ஒரு அண்ணே, அம்பது வயசுக்கு மேல இருக்கும், ஒடிஞ்ச துண்டை கையில வாங்குனதுமே "லெஃப்ட்டு திரெட்டுல தம்பி இது, பழைய ஸ்டாக்கு இங்க தீந்துபோச்சு, மெட்ராஸ் ஜிபி ரோட்டுலதான் கேக்கணும்"னாரு. அவரே அங்க ஒரு ஸ்பேர் கடைக்குப் போன் போட்டாரு, வாட்ஸ்அப்ல ஸ்டட்டை ஸ்கேல் பக்கத்துல வச்சு போட்டோ அனுப்புனோம், தலைக்குக் கீழ பல்லு பல்லா இருக்குற இடத்தோட விட்டம், மொத்த நீளம் எல்லாம் வெர்னியர் வச்சு அளந்து சொன்னோம். அந்தக் கடைக்காரர் பழைய வண்டி பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டையிலயும் விசாரிச்சிருக்காரு, கழட்டுன பழசுதான் கிடைக்குதுன்னதும் வேணாம்னுட்டு தன் குடோன்லயே தேடி புதுசா ஒரு செட்டு எடுத்துட்டாரு. ஜிபேல பணம் போட்டேன், ராத்திரி ஆம்னி பஸ்ல பார்சல் போட்டு காலையில தேனியில கைக்கு வந்துடுச்சு. விலை, மெல்பர்ன்ல ரெண்டு காபி குடிக்கிற காசுதான் வரும். நேர்ல பாக்காத ஆளுக்கு இவ்வளவு பொறுப்பா தேடிக் குடுத்தாரே, அதை என்னால மறக்கவே முடியாது.

மாட்டுற வேலையை எப்படிப் பண்ணாருன்னும் சொல்லிடுறேன், ஏன்னா இங்கதான் ஹப்பை, அதாவது சக்கரம் மாட்டுற நடுப்பகுதியை, நிறைய பேர் கெடுத்துடுறாங்க. நம்ம வண்டியில ஸ்டட் ஹப்புக்குப் பின்னாடியிருந்து பிரேக் டிரம்மையும் சேத்துக் கோத்து, முன்பக்கம் ரிவிட் மாதிரி விரிச்சு அடிச்சிருக்கும். அந்த விரிஞ்ச விளிம்பை வெட்டாம சுத்தியால அடிச்சு தள்ளுனா ஹப்போட ஓட்டை பெருசாயிடும், அப்புறம் புது ஸ்டட் உள்ளயே சுத்தும். அண்ணே ஹப்பை மொத்தமா கழட்டி, விளிம்பை வெட்டிட்டு, தெரிஞ்ச பட்டறைக்குக் கொண்டு போயி ஹைட்ராலிக் பிரஸ்ல அழுத்தி வெளிய எடுத்தாரு. மூணு ஒடிஞ்சிருந்தா மிச்ச ரெண்டும் இழுபட்டிருக்கும்னு அஞ்சையும் மாத்தச் சொன்னதும் அவர்தான். ஹப் வெளிய வந்ததோட வந்ததா பேரிங்கை டீசல்ல கழுவி புது கிரீஸ் வச்சாரு, கிரீஸ் சீலும் மாத்துனாரு, இதெல்லாம் நான் கேக்காமலே.

இடது பக்க டிரம்லயும் மட்கார்டு உள் பக்கத்துலயும் சிவப்பு பெயின்ட்ல "இடது மரை"ன்னு பெருசா தமிழ்லயே எழுதச் சொல்லி எழுதியாச்சு. புது ஸ்டட் போட்டா கொஞ்ச தூரம் ஓட்டிட்டு திரும்ப டைட் வைக்கணும், போடிமெட்டு ஏறி இறங்கி வந்ததும் டார்க் ரெஞ்ச் போட்டு பாத்தாரு, ஒரு நட்டு மட்டும் கால் சுத்து ஏறுச்சு, மறுநாள் பாத்தப்ப எதுவும் அசையல. தேடுறவங்களுக்குச் சொல்றேன், ஒடிஞ்ச துண்டைத் தூக்கிப் போடாதீங்க, அதையும் ஒரு நட்டையும் கையில வச்சுக்கிட்டு முதல்லயே போடிக்கோ கம்பத்துக்கோ போயிடுங்க, ஜிபி ரோட்டுக்கு போன் பண்றதா இருந்தா லெஃப்ட் திரெட்னு ரெண்டு தடவை சொல்லி போட்டோவுல உறுதி பண்ணிட்டு பணம் போடுங்க. நான் இன்னொரு செட்டும் சேத்து வாங்கி எண்ணெய் தடவி சித்தப்பா வீட்டு பரண்ல வச்சிருக்கேன்.