சான் பிரான்சிஸ்கோ வசந்தத்துக்கு எந்த வெட்சூட்?

ஏப்ரல் பிறந்தால் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் காற்று எழும்பிவிடும். பெரிய பட்டம் (கைட்) இழுக்கப் பலகையில் நின்று நீரில் சறுக்கும் கைட் சர்ஃபிங் செய்பவர்களுக்கு ஆண்டின் நல்ல காலம் அப்போதுதான் தொடங்குகிறது. அதற்கு எந்த வெட்சூட், அதாவது குளிர்நீரில் உடம்போடு ஒட்டப் போடும் ரப்பர் உடை, வாங்குவது என்பதுதான் கேள்வி. கலிஃபோர்னியா என்றதும் அரைக்கால் சட்டையும் வெயிலும் நினைவுக்கு வருவது இயல்பு. அது தெற்கே சான் டியேகோ சங்கதி. இங்கே கடல் ஆண்டிலேயே மிகக் குளிர்ந்து கிடப்பது இந்த வசந்தத்தில்தான். ஏப்ரல், மே மாதங்களில் நகரின் மேற்குக் கடற்கரையான ஓஷன் பீச்சில் நீரின் வெப்பநிலை 10 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரைதான் இருக்கும். ஊரெல்லாம் இலையுதிர்காலத்துக்குத் தயாராகும் செப்டம்பரில்தான் அது 14, 15 டிகிரியை எட்டும்.

காரணம் அந்தக் காற்றேதான். வடமேற்குக் காற்று கரையோரமாகத் தெற்கு நோக்கி வீசும்போது, பூமியின் சுழற்சியால் மேல்மட்ட நீர் கரையை விட்டு விலகி ஆழ்கடல் பக்கம் தள்ளப்படுகிறது. காலியான இடத்தை நிரப்ப, அடியிலிருந்து குளிர்நீர் மேலேறி வருகிறது. கைட்டுக்கு உயிர் கொடுக்கும் காற்றும் கால்களை மரத்துப்போக வைக்கும் நீரும் ஒன்றாகவே வருகின்றன. சன்னிவேலிலும் ஃப்ரீமான்டிலும் 25 டிகிரி வெயிலில் காரை எடுத்துக் கிளம்பும் நம்மவர்கள் கோல்டன் கேட் பாலத்தருகே உள்ள கிரிஸி ஃபீல்ட் கரையில் இறங்கியதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு இதுவே விளக்கம். ஆகவே வீட்டு வாசலில் நின்று வானத்தைப் பார்த்து உடையைத் தீர்மானிக்க வேண்டாம். எந்த நீரில் இறங்குகிறோம், உடலில் எவ்வளவு பகுதி எவ்வளவு நேரம் நீருக்குள் இருக்கும், நீருக்கு வெளியே இருக்கும் பகுதியில் எவ்வளவு காற்று அறையும் என்ற மூன்றையும் வைத்தே தீர்மானிக்க வேண்டும். கைட்காரருக்கு மூன்றாவது கேள்விதான் முக்கியம். கடைக்காரர்கள் அதிகம் பேசாததும் அதுதான்.

போட்டியில் இருப்பவை நான்கு. அரைக்கை, அரைக்கால் வைத்த 2 மி.மீ. ஸ்பிரிங் சூட், முழுநீள 3/2, முழுநீள 4/3, தலைமூடி சேர்த்துத் தைத்த 5/4. முதல் எண் உடற்பகுதியின் தடிமன், இரண்டாவது கை கால்களின் தடிமன், இரண்டும் மில்லிமீட்டரில்.

தடிமன் ஏன் முக்கியம் என்பதில் ஒரு பழைய கதை இன்னும் உலவுகிறது. உடலுக்கும் ரப்பருக்கும் நடுவே புகும் மெல்லிய நீர்ப்படலம் சூடாகி நம்மைக் காக்கிறது என்பார்கள். பாதிதான் உண்மை. வெட்சூட்டின் கதை இதே வளைகுடாவில் தொடங்கியது. 1950களின் தொடக்கத்தில் பெர்க்லியில் இருந்த இயற்பியலாளர் ஹியூ பிராட்னர், கடற்படை முக்குளிப்பாளர்களுக்கான உடையைப் பற்றி யோசித்தபோது, உடல் நனையாமல் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, உடையின் பொருளுக்குள்ளேயே வாயுக்குமிழ்கள் அடைபட்டிருந்தால் போதும் என்று கண்டுகொண்டார். வெட்சூட்டை அலைச்சறுக்குக்காரர்களிடையே பரப்பிய ஜாக் ஓ'நீல் 1952இல் சான் பிரான்சிஸ்கோவில் தன் சர்ஃப் கடையைத் திறந்தார். வெட்சூட் தைக்கும் செயற்கை ரப்பரான நியோப்ரீனின் நுரைக்குள் இருக்கும் அந்தக் குமிழ்கள்தான் குளிரைத் தடுக்கின்றன. உள்ளே புகுந்த நீர் செய்ய வேண்டியது ஒன்றுதான், இருந்த இடத்தில் இருப்பது. அது வெளியேறிப் புது நீர் புகுந்தால், 5 மி.மீ. போட்டிருந்தாலும் பயனில்லை. நீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். எனவே தளர்ந்த 5/4ஐவிட உடம்போடு ஒட்டிய 4/3 சூடாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அலைச்சறுக்கும் கைட்டும் கேட்பது வேறு வேறு

இரண்டுக்கும் ஒரே உடை போதும் என்று விற்பனையாளர் சொல்வார். போதும்தான், ஆனால் இரண்டும் ஒரே உடையிடம் வெவ்வேறு வேலையைக் கேட்கின்றன. பசிஃபிகாவின் லிண்டா மார் கடற்கரையில் பலகையில் குப்புறப் படுத்து அலைக்குத் துழாவிக்கொண்டு போகிறவருக்குத் தோள்தான் உயிர். ஆயிரம் தடவை சுழலும் அந்தத் தோளில் தடித்த ரப்பர் இருந்தால் அரை மணியில் கை சோர்ந்துவிடும். அலைக்கு அடியில் முங்கி எழும் ஒவ்வொரு தடவையும் கழுத்து வழியாகக் குளிர்நீர் முதுகுக்கு இறங்கப் பார்க்கும். அவருக்கு வேண்டியது நெகிழ்வான தோளும் இறுக்கமான கழுத்தும்.

கைட்காரர் பெரும்பாலும் நீருக்கு மேலே நிற்கிறார். தோளுக்கு அவ்வளவு வேலை இல்லை. அவருடைய எதிரி 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கி.மீ.) காற்று. வெட்சூட்டின் வெளிப்புறத் துணி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காற்று அதை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். ஆவியாகும் ஒவ்வொரு துளியும் உடல் சூட்டைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். இதற்கு மாற்றாக மார்பிலும் முதுகிலும் துணியில்லாத, வழவழப்பான அல்லது வலைப்பொறிப்பு கொண்ட ரப்பர் மேற்பரப்பு வைத்துத் தைக்கிறார்கள். நீர் அதில் தங்காமல் வழிந்துவிடும். கிரிஸி ஃபீல்டில் மூடுபனி கோல்டன் கேட் பாலத்தின் அடியாக நுழைந்து வரும் மாலையில், ஒரே தடிமன் கொண்ட இரண்டு உடைகளுக்கு நடுவே இந்த மேற்பரப்பு ஏற்படுத்தும் வித்தியாசம், ஒரு மில்லிமீட்டர் கூடுதல் ரப்பர் தருவதைவிடப் பெரிது என்பேன்.

இந்த மேற்பரப்புக்கு ஒரு விலை உண்டு. நகம் பட்டால் கிழியும். போடும்போது விரல் நுனியால் கிள்ளி இழுக்கிறவர்களின் உடையில் மார்புப் பக்கம் பிறை வடிவக் கீறல்கள் வரிசையாக இருக்கும். விரலின் சதைப்பற்றால், துணி வைத்த இடத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். கைட்டின் இழுப்பைத் தாங்கக் கட்டும் ஹார்னெஸ் என்ற பட்டை உட்காரும் இடுப்புப் பகுதியிலும் வழவழ ரப்பர் இருந்தால் ஒரு பருவத்திலேயே தேய்ந்துவிடும். வாங்குமுன் ஹார்னெஸை எடுத்துக்கொண்டு போய், மேலே கட்டிப் பார்த்து, அதன் விளிம்பு துணிமேல் விழுகிறதா, ரப்பர்மேல் விழுகிறதா என்று பாருங்கள்.

கைட்காரருக்கு இன்னொரு தொல்லை முன்கை. கைட்டை இயக்கும் பிடிகோலான பட்டியைப் பிடித்தபடியே இருப்பதால் முன்கைத் தசை விம்மும். அதன்மேல் இறுகிய ரப்பர் குழாய் இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் பிடி விடத் தொடங்கும். பாய் பொருத்திய பலகையில் போகும் விண்ட்சர்ஃபிங்கில் பாய்மரப் பட்டியை இறுகப் பிடிக்க வேண்டியிருப்பதால் இது இன்னும் மோசம். முழங்கைக்குக் கீழே 3 மி.மீக்கு மேல் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்கையும் பக்கத்தில் வைத்தால்

ஸ்பிரிங் சூட் இந்த வளைகுடாவின் வசந்தத்துக்குப் பொருந்தாது. ஒரு விதிவிலக்கு உண்டு, சாக்ரமென்டோ ஆற்று முகத்தில் உள்ள ஷெர்மன் ஐலண்ட். அங்கே நன்னீர், காற்றும் உள்நாட்டு வெப்பம் தாங்கி வரும். ஆனால் அங்கேயும் ஜூன் வரை பொறுப்பது நல்லது. ஃபாஸ்டர் சிட்டியின் வாய்க்காலில் துடுப்புப் பலகை ஓட்டுகிறவருக்குக் கை இல்லாத முழுக்கால் உடை நன்றாக இருக்கும். துழாவும் தோள் சுதந்திரமாக இருக்கும், தவறி விழுந்தாலும் கால் காப்பாற்றப்படும். அவருக்கு முழு உடை மாட்டிவிட்டால் வேர்த்து ஊற்றும்.

3/2 நல்ல உடை, ஆனால் இடம் அறிந்து போட வேண்டும். அலமேடாவின் கிரவுன் பீச்சில் நீர் ஆழமில்லை, மணல்தரை, வெயிலில் சீக்கிரம் சூடாகும். சான் மேட்டியோவின் தேர்டு அவென்யூவிலும் நீர் கிரிஸியைவிட மிதமாக இருக்கும். மே பாதிக்கு மேல், கைட்டில் கை தேர்ந்து அதிகம் விழாதவர் அங்கே 3/2இல் சமாளிக்கலாம். கற்றுக்கொள்பவர் சமாளிக்க முடியாது. முதல் பாடங்களில் பலகையே கிடையாது. கைட் இழுக்க உடல் நீரில் மிதந்தபடி போவதுதான் பயிற்சி. நீரில் இருக்கும் நேரத்தைக் கணக்கிட்டால், கற்றுக்கொள்பவருக்குத்தான் தேர்ந்தவரைவிடத் தடித்த உடை வேண்டும். பலர் இதைத் தலைகீழாக நினைத்து, 'இப்போதுதானே கற்கிறேன், மலிவாக ஒன்று போதும்' என்று 3/2 வாங்கிக்கொண்டு வருகிறார்கள். கையில் பிடித்த சிறகுப் பாயால், நீரடித் தகடு பொருத்திய பலகையில் போகும் விங் ஃபாயில் பழகுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். விழுவதும் ஏறுவதுமாகவே முதல் மாதம் கழியும்.

என் தேர்வு 4/3. கிரிஸிக்கும் ஓஷன் பீச்சுக்கும் பசிஃபிகாவுக்கும் ஏப்ரலில் தொடங்கி ஆண்டு முழுதும் கைகொடுக்கும். மார்பில் காற்றுத் தடுக்கும் மேற்பரப்பு, முன்கையில் 3 மி.மீ., காலில் ஒரு ஜோடி 3 மி.மீ. காலணி. கழுத்தில் தலைமூடியைத் தனியாக மாட்ட முடிந்தால் இன்னும் நல்லது. கையுறையை நான் தவிர்ப்பேன். பட்டியைப் பிடிக்கும் உணர்வும் போய், முன்கையும் சீக்கிரம் களைத்துவிடும்.

தலைமூடியோடு வரும் 5/4 யாருக்கு? ஒல்லியான உடல்வாகு, சீக்கிரம் நடுங்கும் இயல்பு, ஓஷன் பீச்சில் இரண்டு மணி நேரம் அலைக்குக் காத்திருக்கும் பழக்கம் ஆகியவை சேர்ந்தவர்களுக்கு. கைட்காரர்களில், கிரிஸியில் தூரம் போகிறவர்கள் இதை யோசிக்கலாம். அங்கே மாலையில் காற்று திடீரென இறங்குவதும், வற்றுநீரோட்டம் பாலத்தின் வெளிப்பக்கம் கடலுக்கு இழுப்பதும் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. கைட் விழுந்துவிட்டால் கயிறுகளைச் சுருட்டி, கைட்டையே மிதவையாக்கி, கரை சேரும்வரை நீரில் கிடக்க வேண்டும். அந்த நேரத்தில் சவாரியின்போது கூடுதலாகத் தெரிந்த ஒரு மில்லிமீட்டருக்கு வேறு மதிப்பு வந்துவிடும். 12 டிகிரி நீரில் முதலில் கைவிடுவது விரல்களின் பலம்தான், அதுவும் கயிற்றைச் சுருட்ட விரல்கள் தேவைப்படும் வேளையில். இந்த வாதத்துக்கு என்னிடம் முழு மறுப்பு இல்லை. தூரம் போகாதீர்கள் என்பதுதான் என் பதில். நீர் புகாத முழு உலர் உடைகளும் கைட்காரர்களுக்கெனத் தைக்கப்படுகின்றன. 10 டிகிரிக்குக் கீழே அவை பேசட்டும்.

ஜிப்பும் தையலும்

முதுகு ஜிப்பா, மார்பு ஜிப்பா என்ற சண்டை ஓயாதது. கைட்காரருக்கு முதுகு ஜிப்பில் ஒரு தனிக் குறை உண்டு. ஹார்னெஸ் இறுக்கிக் கட்டியதும் ஜிப்பின் பற்கள் முதுகெலும்பில் அழுந்தும். நீர் கசிவதும் அந்த வழியாகத்தான். மார்பு ஜிப்பில் முதுகு தடையில்லாமல் நெகிழும், கழுத்தும் நன்றாக மூடும். ஆனால் தோள்வழியே உடம்பைச் சுருக்கி நுழைய வேண்டும். தோள்மூட்டு வலி உள்ளவர்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள், காற்றோட்டமான வாகன நிறுத்தத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு இந்தச் சர்க்கஸ் வேண்டாம் என்று முதுகு ஜிப்புக்கே போனால் நான் குறை சொல்ல மாட்டேன். எந்த ஜிப்பானாலும், காலை நுழைக்குமுன் பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டால் குதிகால் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். கை மணிக்கட்டுக்கும் அதே உபாயம்தான்.

தையலைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். உடையை உள்புறம் திருப்புங்கள். உள்ளும் வெளியும் தண்டவாளம்போல நூல் ஓடினால் அது ரப்பரை ஊடுருவித் தைத்தது; ஒவ்வொரு ஊசித்துளையும் நீருக்கு ஒரு வாசல். கோடையில் பரவாயில்லை. வசந்தத்துக்கு, ஓரங்களைப் பசையால் ஒட்டி, ரப்பரின் பாதித் தடிமன் மட்டும் ஊசி இறங்கிய தையல்தான் வேண்டும். விலை குறைந்த 4/3களில் பசையை வைத்துவிட்டு, இழுவிசை அதிகமுள்ள இடங்களில் உள்பட்டை ஒட்டாமல் விட்டுவிடுவார்கள். கால் கவட்டையையும் அக்குளையும் விரித்துப் பாருங்கள்.

இயற்கை ரப்பருக்கு மாறுவதா

நியோப்ரீன் என்பது குளோரோப்ரீனால் ஆனது. அந்தக் குளோரோப்ரீனை 2010இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள் என்று வகைப்படுத்தியது. உடுத்துபவருக்கு அல்ல, அதைச் செய்யும் ஆலையின் சுற்றுவட்டாரத்தில் வாழ்பவருக்குத்தான் ஆபத்து. பெட்ரோலியத்துக்குப் பதில் சுண்ணாம்புக்கல்லிலிருந்து செய்தது என்று சில உடைகளைப் புகழ்வார்கள்; அதுவும் குளோரோப்ரீன்தான். கலிஃபோர்னியாவின் படகோனியா நிறுவனம் இயற்கை ரப்பர் தரும் யூலெக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2016இல் நியோப்ரீனே இல்லாத, இயற்கை ரப்பர் உடைகளைக் கொண்டு வந்தது. குலசேகரம் பக்கம் பால்வடிப்புக்கு நிற்கும் அதே ஹீவியா மரம்தான் அதன் மூலம். உடுத்தும்போது சற்று விறைப்பாகத் தெரியும், விலையும் கூடுதல். அலைச்சறுக்குக்காரருக்குத் தோளில் அந்த விறைப்பு உறுத்தலாம். கைட்காரருக்குத் தோளில் அவ்வளவு வேலை இல்லாததால் உறுத்தாது. இந்த இடத்தில் கைட்காரர்கள் மாறுவது எளிது, ஆனால் மாறுபவர்கள் குறைவு. ரப்பர் பாலுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் வாங்குமுன் தயாரிப்பாளரிடம் விசாரித்துக்கொள்ளட்டும்.

அளவு விஷயத்தில் நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைகளில் நடு அளவு, பெரிய அளவு என்று மட்டுமல்லாமல், அவற்றின் குட்டை, நெட்டை வகைகளும் கிடைக்கும். உயரம் குறைந்து இடுப்புப் பெருத்தவர், சாதாரண அளவை எடுத்துக் கால் கணுக்காலில் சுருங்கிக் கிடக்க விடுவார். அந்தச் சுருக்கங்களில் நீர் தேங்கும். குட்டை வகையைக் கேட்டு வாங்க வேண்டும். போட்டுக்கொண்டு குந்தி உட்காருங்கள், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள். நடு முதுகின் பள்ளத்தில் ரப்பர் உடம்பை விட்டு எழும்பினால் அந்த உடை உங்களுக்கு அல்ல, எந்தத் தள்ளுபடியில் வந்தாலும் சரி. கவட்டைக்குக் கீழே வெற்றிடம் இருந்தாலும் அப்படியே. புதிய உடை கொஞ்சம் மூச்சுமுட்டுவதாகத் தோன்றும், ஓரிரு சவாரியில் அது இளகிவிடும். முதல் நாளே சௌகரியமாக இருக்கிற உடை, மூன்றாம் மாதத்தில் தொளதொளத்துப்போகும்.